முக்கால் இஞ்ச் நண்டு

நான் தண்ணீர் திருடியவன். மூன்று வருடம் திருடினேன். பழியை ஒரு நண்டின் மேல் போட்டேன். திருடிய அதே வருடங்களில், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து நெல் விளைவிப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். அதற்காகப் பொன்னாடையும் வாங்கினேன். எழுபத்து நான்கு வயதில் இதை எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதி வழியில் நானே என்னை மன்னித்துவிடுவேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தென்காசிக்குக் கிழக்கே ஒரு குளத்தின் கீழ் எனக்கு ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. குற்றாலத்து மலையில் பெய்வது சிற்றாற்றில் இறங்கி, அணைக்கட்டில் பிரிந்து, கால்வாய் வழியாக எங்கள் குளத்துக்கு வரும். குளம் பெருகுமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீ குடித்துக்கொண்டே, குற்றாலத்திலிருந்து திரும்பும் வேன்களைப் பார்ப்போம். சன்னல் முழுக்க ஈரத் துண்டு காய்ந்துகொண்டு போனால் அருவியில் தண்ணீர் விழுகிறது, நாற்றுப் பாவலாம். துண்டு இல்லாமல் வேன் மட்டும் போனால் நமக்கும் இல்லை, குளிக்க வந்தவனுக்கும் இல்லை.

குளத்து மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று பார்த்து விடுகிற ஆளை நீர்பாய்ச்சி என்போம். எங்கள் நீர்பாய்ச்சிக்கு அறுபது வயதிருக்கும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடப்பார். தண்ணீர் குறைந்த நாட்களில் முறை வைத்துத்தான் பாயும். குளத்தை ஒட்டிய தலைமடை வயல்களுக்குச் சில நாள், கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குச் சில நாள். என் வயல் தலைமடைப் பக்கம். கடைமடைக்குத் தண்ணீர் போகும் நாட்களில் அது என் வயலின் கரையை உரசிக்கொண்டுதான் போகும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதுதான் முறை.

இதில் நண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. வயல் நண்டு கரையில் வளை தோண்டும். வாய்க்கால் தண்ணீர் அதன் வழியே வயலுக்குள் கசியும். ஒரு மனிதன் கரையை வெட்டினால் ஊர் கூடிக் கேட்கும். நண்டு போட்ட ஓட்டைக்கு எங்கள் பக்கம் யாரையும் யாரும் கேட்பதில்லை. பார்த்தவர்கள் ஒரு கை மண் எடுத்து அடைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். இந்த வழக்கத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

எழுபதை நெருங்கும்போது எனக்கு விவசாயத்தில் ஆராய்ச்சி ஆசை வந்தது. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுத்தால் போதும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் நட்டுவைக்க வேண்டும். அதற்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும். மட்டம் அரையடி கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். அது உண்மையான முறை. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதைச் செய்த ஆள் மேல்தான்.

முதல் வருடம் நேர்மையாகத்தான் தொடங்கினேன். ஒரு நாள், மறுநாள் காலை வேளாண்மை அதிகாரிகள் என் வயலைப் பார்க்கக் கேமராவோடு வருவதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் வயல் வெடித்துக் கிடக்கிறது, இலை எல்லாம் ஊசி மாதிரி சுருண்டு நிற்கிறது. என் முறைக்கு இன்னும் நான்கு நாள். அப்போதுதான் கரையில் ஒரு வளையைப் பார்த்தேன். உண்மையான நண்டு போட்ட உண்மையான வளை. அதை அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் காலை இலை விரிந்து, பயிர் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதிகாரிகள் கை தட்டினார்கள். எத்தனை நாள் தண்ணீர் விடவில்லை என்று கேட்டார்கள். பன்னிரண்டு நாள் என்றேன். ஏன் பன்னிரண்டு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. வாயில் வந்தது.

பத்து நாளில் அந்த நண்டு இடம் மாறிப் போய்விட்டது. அது போனதும் எனக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. தென்காசிக்குப் போய் முக்கால் இஞ்ச் குழாயில் மூன்றடி வாங்கி வந்து, கரைக்குள் செருகி, இரண்டு முனையையும் மண்ணால் பூசி, நண்டு வளை மாதிரி செய்துவைத்தேன். அதில் ஒரு குடம் நிரம்ப ஒரு நிமிடம் ஆகும். இது ஒரு திருட்டா என்று என்னையே கேட்டுச் சிரித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று முப்பத்தைந்து வருடம் இயற்பியல் நடத்தியவன் பெருக்கிப் பார்க்கவில்லை.

ஆக என் வயலில் இரண்டு குழாய். ஒன்று ஊர் பார்க்க, ஒன்று பார்க்காமல் இருக்க. ஊர் பார்க்கிற குழாயை வயலிலேயே மேடான மூலையில் நட்டிருந்தேன். அங்கே எந்த நாளும் மட்டம் கீழேதான் இருக்கும். வந்தவர்கள் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, தண்ணியே இல்லயே" என்பார்கள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டுவேன். புளியங்குடியில் எலுமிச்சைக்காரர்களைக் கூட்டிவைத்துக்கூட நெல்லைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர்களும் பாவம், கேட்டார்கள். எந்தப் பருவத்தில் எத்தனை நாள் காயவிட்டேன் என்று, அந்தப் பன்னிரண்டு நாளையும் சேர்த்து நான் எழுதிவைத்த பாசன நோட்டின் நகல் கைமாறிக் கைமாறி எங்கெல்லாமோ போனது.

நீர்பாய்ச்சிக்கு எல்லாம் தெரியும். ஆனால் நேராகக் கேட்கமாட்டார்.

"என்ன சார், நண்டு சௌக்கியமா?" என்பார்.

"எந்த நண்டு?"

"நம்ம நண்டுதான். வருசக்கணக்கா ஒரே வீட்டுல குடியிருக்கே. வாடகை எதுவும் கேக்கியளா?"

"அதுக்கு அங்கன பழகிட்டு போல."

"பழகும், பழகும். ஆனா ஒண்ணு பாத்தியளா? வளை தோண்டுத நண்டு வாசல்ல மண்ண உருண்டை உருண்டையா தள்ளிப் போடும். இது ஒரு பொட்டு மண்ணு தள்ளல. ரொம்ப சுத்தமான நண்டு சார்."

மறுநாள் விடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து களிமண்ணை உருட்டி உருட்டி வளை வாசலில் போட்டேன். நல்லாசிரியர் விருதுக்கு ஒருமுறை என் பெயரைச் சிபாரிசு செய்தார்கள். அந்த நல்லாசிரியர் கையால்தான் உருட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நகக்கண்ணைப் பார்த்தாள். "கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை உருட்டக் கூப்பிட்டா முதுகு வலிக்கும்பிய. மண்ணு உருட்ட மட்டும் முதுகு வளையுதோ?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நீர்பாய்ச்சி வந்து வளை வாசலில் குந்தினார். ஓர் உருண்டையை எடுத்து விரலால் திருப்பிப் பார்த்தார்.

"நண்டுக்குப் புத்தி வந்துட்டு சார்," என்றார். "ஆனா எல்லா உருண்டையும் ஒரே அளவா இருக்கு. படிச்ச நண்டு போல."

கடைமடையில் ஒரு ஏக்கரை ஒருவர் வாங்கினார் என்று மூன்றாம் வருடம் கேள்விப்பட்டேன். தென்காசிக்காரர், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். வளைகுடாவில் பதினான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். பிள்ளைகள் தன்னைப் போனில் மட்டும் அத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தது போதும் என்று திரும்பி வந்தவர். மருந்து போடாமல், தண்ணீரை வீணாக்காமல் விவசாயம் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கடைமடைக்குப் போய் எவனாவது நெல் போடுவானா என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தவர்களிடம் என் நோட்டின் நகலைக் காட்டினார்.

என் வாழ்க்கையில் எனக்கு அமைந்த மிகச் சிறந்த மாணவர் அவர்தான். பார்க்க வரும்போது நோட்டு, பேனா, ஸ்கேல் மூன்றும் கொண்டுவருவார். அவர் வயலில் குழாயை நட்ட நடுவில் நட்டிருந்தார். "மூலையில வைங்க," என்று என்னால் சொல்லவும் முடியவில்லை.

"இந்தத் தடவ எங்க பக்கம் தண்ணி கொஞ்சம் மெலிசாத்தான் வருது சார்," என்றார் ஒரு நாள். "ஆனா பரவாயில்ல. நம்ம முறைக்கு இது போதும்லா? மத்தவங்கதான் சும்மா சும்மா நீர்பாய்ச்சிய ஏசுதாங்க."

பறிகொடுத்தவனே திருடனுக்குப் பரிந்து பேசினால் திருடன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்? நான் மோர் கொண்டுவரச் சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கார் பருவத்தில் ஆவணி பிறந்ததும் சாரல் நின்றுபோனது. வேன்களில் துண்டு காயவில்லை. குளம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் அவர் என் வயலுக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு தூர் நெல். இலை சுருண்டிருந்தது. உள்ளே பொதி கட்டத் தொடங்கியிருந்தது. கதிர் உருவாகிற அந்த நாட்களில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் வரும், மணி இருக்காது. சாவிதான்.

"எத்தன நாளாச்சு தண்ணி பாஞ்சு?" என்றேன்.

"ஒம்பது நாள் சார். நோட்டுப்படி இன்னும் மூணு நாள் இருக்கு. உங்களுக்கும் பொதி நேரத்துல பன்னெண்டு நாள் நின்னுருக்குன்னு எழுதிருக்கிய. ஆனா உங்க பயிர் இப்படிச் சுருளலயே? நான் எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

தூரில் ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டே சொன்னார்: "பழைய கம்பெனியில இருந்து போன் வந்துச்சு சார். இந்த மாசக் கடைசிக்குள்ள வாறேனா இல்லையான்னு சொல்லணுமாம். வீட்டுல சொல்லுதா, கதிர் எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு. கதிர் வந்துச்சுன்னா இங்கனயே இருந்துருவேன் சார்."

அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் பொறுங்க. மண்ணுக்கும் பழக நாள் வேணும்லா."

குழாயைச் செருகியதைவிட இந்த வாக்கியம்தான் என்னை அதிகம் அரிக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். "மண்ணுக்கும் பழக நாள் வேணும்" என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் போனார்.

அவர் போனதும் வாய்க்கால் ஓரம் நின்றிருந்த நீர்பாய்ச்சி மண்வெட்டியை இறக்கினார். இந்த முறை சிரிக்கவில்லை.

"சார், உங்க நண்டு அந்தப் பயலுக்க வயலத் தின்னுக்கிட்டு இருக்கு," என்றார். "அவன் என்னட்ட ஒரு நாள் சண்டைக்கு வந்ததில்ல. நீங்க அவனச் சண்டை போடக்கூட மறக்க வச்சிட்டிய."

மறுநாள் காலை கடைமடைக்கு நடந்து போனேன். அவர் குழாய்க்குள் ஸ்கேல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரைக்குள் இருக்கும் குழாய், மேட்டு மூலை, மண் உருண்டை, ஒன்றும் விடவில்லை. அவர் ஸ்கேலைத் துடைத்து நோட்டுக்குள் வைத்தார்.

"அப்போ பன்னெண்டு நாள்?"

"பொய்."

"ஒம்பது?"

"தெரியாது."

"எட்டு நாளாவது தாங்குமா?"

"தெரியாது. நான் அளக்கவே இல்ல."

"பிஸிக்ஸ் வாத்தியார்தான நீங்க? ஒரு நம்பராவது தெரியாதா சார்?"

அவர் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இப்ப தண்ணி வேணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. மத்ததப் பிறகு பேசுவோம்," என்றார்.

வழி நீர்பாய்ச்சியிடம் இருந்தது. அன்றும் மறுநாளும் பகல் முழுக்க என் முறை. அதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்படிக் கொடுக்க முடியாது என்றார் நீர்பாய்ச்சி. முறை வயலுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. நான் வேண்டாமென்றால் அடுத்த வயல்காரனுக்குப் போகும், கடைமடைக்குப் போகாது. கொஞ்சம் யோசித்தார். அவர் கண்ணில் பழைய குறும்பு வந்தது.

"உங்க வயலுக்குள்ள பாஞ்சிட்டா அது உங்க தண்ணி. உங்க வயல விட்டு வடிஞ்சு போறத எவனும் கேக்க முடியாது. நடுவுல ஒரு சால் கீறி, வந்த தண்ணிய வந்த மாதிரியே வடிகாலுக்குத் தள்ளி விடுங்க. வடிகால் நேரா அங்கனதான் போகுது. நல்லதுக்கும் ஒரு தடவ வழக்கத்த ஏமாத்திப் பாப்பமே."

என் பயிருக்கு நடுவே நானே மண்வெட்டி பிடித்துச் சால் கீறினேன். நின்ற பயிரை வெட்டிக்கொண்டு போனபோது மனைவி வரப்பில் குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் நேரா போறிய," என்றாள். சாலைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

தண்ணீரைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தது என் இரண்டாவது அறியாமை. வடிகாலில் நுழைந்தது பாதிகூட மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. காரணம் பார்க்கக் கரை வழியே நடந்தேன். வழியெல்லாம் நண்டு. அசல் நண்டுகள் சில. மற்றவை என் இனம். ஒரு வளைக்குள் கையை விட்டால் தகரக் குழாய், இன்னொன்றில் பழைய சைக்கிள் பம்பின் உருளை. குளத்துப் பாசனச் சங்கத்தின் தலைவர் வரப்பில் இருந்த வளையில் கை மூட்டுவரை போகும் அளவுக்குப் பெரிய குழாய். வாசலில் மண் உருண்டைகள் சிறிதும் பெரிதுமாக, என்னுடையதைவிட இயல்பாக இருந்தன. ஒரு நொடி பொறாமைகூட வந்தது.

நான் அதில் களிமண்ணை அப்பிக்கொண்டிருக்கும்போது தலைவரே வந்துவிட்டார்.

"என்ன சார்வாள், வெயில்ல கெடந்து என்ன செய்யுதிய?"

"நண்டு வளை அடைக்கேன்."

"ஐயய்யோ, அதுல உயிர் இருக்குமே. பாவம்லா?"

"உயிர் இருந்தா வெளிய வரட்டும். பேசிப் பாப்போம்."

அவர் என் கையையும் வளையையும் பார்த்தார். "வயசான காலத்துல முழங்கால் பத்திரம்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு பகலும் அந்தக் கரையிலேயே இருந்தேன். அடைத்துவிட்டு முன்னே போனால் பின்னே திறந்துகொள்ளும். தண்ணீரை ஒரு கன்றுக்குட்டியை ஓட்டுவது போல, கூடவே நடந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மாலை, வெயில் தாழும் நேரத்தில், அவருடைய வயலில் வெடிப்புகள் மூடின. அடுத்த முறையில் வந்த தண்ணீரையும் அப்படியே கடைமடைக்குத் தள்ளிவிட்டேன். என் கரையில் இருந்த குழாயைப் பிடுங்கிப் பின்கட்டில் போட்டேன்.

அந்த வார இறுதியில் சங்கக் கூட்டம் நடந்தது. எழுந்து நின்று, நான் மூன்று வருடம் தண்ணீர் திருடினேன் என்று சொன்னேன். ஏச்சு விழும், அபராதம் விழும் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவர், "சாருக்கு உடம்பு சரியில்ல போல, யாராவது வீட்டுல கொண்டு விடுங்கவே," என்றார். மறுநாள் பார்த்தால் வாய்க்கால் ஓரத்து நண்டுகள் எல்லாம் பத்தடி தள்ளிக் குடிபோயிருந்தன. என் மனமாற்றத்தால் எங்கள் குளத்துக்கு உண்டான மொத்த சீர்திருத்தம் அதுதான். மூன்று பேர் மட்டும் நிஜமாகவே அடைத்துவிட்டார்கள் என்று நீர்பாய்ச்சி சொன்னார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை.

அறுவடை வந்தது. என் வயலில் மூன்றில் ஒரு பங்கு சாவி. அவருடைய வயலில் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது, மேல் வரப்போரம் முழுக்கப் பதர். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும், விற்க ஒன்றுமில்லை. கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு அதற்கு முன்பே வந்திருந்தது. அன்றைக்கு அவர் மனைவி வயலுக்கு வந்து, பால் பிடித்த கதிர்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாராம். பிறகு மனைவி சொன்னதை அவர்தான் என்னிடம் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: "இந்தளவுக்கு வந்திருக்கே, இருந்து பாருங்க. ஆனா அந்த வாத்தியார் வயலப் பாத்து நட்டது போதும். இனிமே நம்ம வயலப் பாத்து நடுங்கன்னு சொல்லுதா."

அவர் போகவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார்," என்றார். "உங்க நோட்டு எத்தன ஊருக்குப் போயிருக்குன்னு உங்களுக்கே தெரியாது. அதத் திருப்பி வாங்க முடியாது. இனிமே என் வயலப் பாக்க வாறவங்கள உங்க வயலுக்கும் கூட்டிட்டு வருவேன். குழாய் இருந்த இடத்தக் காட்டி, என்ன செஞ்சியன்னு நீங்களே சொல்லணும்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள். கடைமடையில் அவர் அளந்த கணக்கைக் காட்டுவார். பொதிப் பருவத்தில் நான்கு நாளுக்கு மேல் காயவிடக் கூடாது என்று அவருடைய மண்ணுக்குக் கண்டுபிடித்திருக்கிறார். பிறகு எல்லோரும் என் கரைக்கு வருவார்கள். நான் சொல்வேன். முதல் தடவை என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. குற்றத்தைச் சொல்வதிலும் கைதட்டல் வாங்கப் பார்க்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், சிரிக்கமாட்டார். அதைப் பார்த்ததும் சுருக்கமாக முடித்துக்கொள்வேன். போன தடவை திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மற்றவர்கள் நகர்ந்த பிறகு என் காதருகே வந்து, "கரை எவ்வளவு அகலம் இருந்தா குழாய் வெளிய தெரியாது சார்?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் கடைமடைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போய், மேல் வரப்போரம் அந்த வருடம் பதராய்ப் போன இடத்தைக் காட்டினேன்.

கடைமடைக்காரர் என் வீட்டுக்கு இப்போது வருவதில்லை. வயலில் பார்த்தால் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவார். இந்தப் பருவம் பாதியில் நெல்லும் பாதியில் உளுந்தும் போட்டிருக்கிறார். கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்ததாம். என்ன பதில் சொன்னார் என்று நீர்பாய்ச்சிக்கும் தெரியவில்லை. நான் கேட்பதில்லை. கடைமடைக்கு முறை வருகிற நாட்களில் விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய், கண்ணில் படும் வளைகளை அடைத்துக்கொண்டே மறுமுனைவரை ஒருதரம் நடந்துவிட்டு வருகிறேன்.